ஒரே கறுப்புத் திரைக்குள் எத்தனை மேஜைகள் தெரியுமா?

கறுப்புப் பின்னணி, மினுக் மினுக்கென்று ஒரு கர்சர். டெர்மினல் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது இவ்வளவுதான். நாள் முழுக்க அதிலேயே புழங்கும் புரோகிராமர்களையும் சர்வர் நிர்வாகிகளையும் பக்கத்தில் நின்று பாருங்கள்! எடிட்டர், டேட்டாபேஸ், ஓடிக்கொண்டே இருக்கும் லாக், எங்கோ இருக்கும் நாலு சர்வர், அத்தனையும் அந்த ஒரு திரைக்குள் ஓடும். மவுஸைத் தொடாமல், இரண்டு விசைத் தட்டலில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிடுவார்கள். இந்த வித்தைக்குப் பின்னால் இருக்கும் கதைகள் ஒவ்வொன்றும் ஆச்சரியம்!

விண்டோவை மூடினால் வேலை ஏன் சாகிறது தெரியுமா?

இரண்டு மணி நேரம் ஓட வேண்டிய பேக்கப்பைத் தொடங்குகிறீர்கள். கை தவறி டெர்மினல் விண்டோவை மூடிவிட்டீர்கள். பேக்கப்பும் போச்சு! இதற்குக் காரணம் பழைய காலத்து டெலிபோன் லைன் என்றால் நம்புவீர்களா?

அந்த நாளில் யூனிக்ஸ் கணினியோடு பலர் மோடம் வழியாகத்தான் பேசினார்கள். லைன் அறுந்தால் எதிர்முனையில் ஆள் இல்லை என்று அர்த்தம். உடனே கர்னல் அந்த ஆளின் புரோகிராம்களுக்கு 'ஹேங்கப்' என்றொரு சிக்னலை அனுப்பும். அதைக் கண்டுகொள்ளாமல் ஓடும்படி எழுதப்படாத புரோகிராம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். இன்று மோடமும் இல்லை, லைனும் இல்லை. ஆனாலும் விண்டோ மூலையில் இருக்கும் பெருக்கல் குறியைத் தட்டினால் உள்ளே பறப்பது அதே ஹேங்கப் சிக்னல்தான்! லினக்ஸில் டெர்மினல்களுக்கு இன்றும் 'டிடிஒய்' என்றே பெயர். அது டெலிடைப் காலத்து மிச்சம். 1963இல் வந்த டெலிடைப் மாடல் 33 விநாடிக்கு 10 எழுத்து வீதம் காகிதத்தில் தட்டெழுதிய இயந்திரம்.

அந்தச் சாவிலிருந்து வேலையைக் காப்பாற்றியது யார் தெரியுமா?

1987இல் ஆலிவர் லாமன், கார்ஸ்டன் போர்மன் என்ற இருவர் 'ஸ்கிரீன்' என்ற புரோகிராமை வெளியிட்டார்கள். இன்று அது குனு திட்டத்தில் இருக்கிறது. அதில் இருக்கும் யோசனை பிரமாதமானது. உங்கள் கட்டளைகளை நிஜ டெர்மினலோடு நேரடியாகக் கட்டாமல், நடுவில் ஒரு போலி டெர்மினலை வைத்து அதோடு கட்டிவிடுகிறது. நிஜ விண்டோ மூடினாலும் போலி டெர்மினல் உயிரோடு இருக்கும். ஹேங்கப் சிக்னல் உங்கள் பேக்கப்பைத் தொடவே தொடாது! அலுவலகத்தில் தொடங்கிய வேலையை அப்படியே விட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் இன்னொரு கணினியிலிருந்து அதே வேலையைத் திறந்து தொடரலாம். கர்சர் விட்ட இடத்திலேயே காத்திருக்கும்.

யோசித்துப் பாருங்கள்: வேலை ஓர் இடத்தில் நடக்கிறது, விண்டோ அதை எட்டிப் பார்ப்பதற்கு மட்டும். டெர்மினல் உலகத்து அதிசயங்கள் பாதி இந்த ஒரு பிரிப்பிலிருந்து வந்தவை!

டீமக்ஸுக்கு ஏன் 'பி' விசை தெரியுமா?

ஸ்கிரீனுக்கு அடுத்த தலைமுறை டீமக்ஸ். நிக்கோலஸ் மாரியட் எழுதி 2007இல் வந்தது. 2009 முதல் ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தோடு சேர்ந்தே வருகிறது. எந்த உத்தரவு கொடுக்க வேண்டுமானாலும் முதலில் கன்ட்ரோலோடு பி விசையை அழுத்த வேண்டும். ஸ்கிரீனில் அது கன்ட்ரோல்-ஏ. இரண்டும் ஏன் வேறு? டீமக்ஸின் முதல் வடிவம் ஸ்கிரீனுக்கு உள்ளேயே ஓட்டித்தான் உருவாக்கப்பட்டது! இரண்டும் ஒரே விசைக்குச் சண்டை போடக் கூடாதே என்று வைத்த ஏற்பாடு இன்றுவரை நிலைத்துவிட்டது.

அதன் உள் அமைப்பு மூன்று அடுக்கு. மேலே செஷன், அதற்குள் விண்டோக்கள், விண்டோவுக்குள் பேன்கள். டீமக்ஸின் விண்டோ என்பது நாம் பிரவுசரில் டேப் என்று சொல்வதற்குச் சமம். பேன் என்பது அந்த டேப்புக்குள் பிரித்த கட்டம்.

கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போமா? டீமக்ஸ் என்று அடித்ததும் திரையின் அடியில் பச்சைப் பட்டை ஒன்று வரும். இடது ஓரத்தில் சதுர அடைப்புக்குள் செஷனின் பெயர். அடுத்து விண்டோக்களின் வரிசை, பூஜ்யத்திலிருந்து எண் போட்டு. எந்த விண்டோவில் இருக்கிறீர்களோ அதன் பக்கத்தில் நட்சத்திரக் குறி, சற்றுமுன் இருந்த விண்டோவுக்குச் சிறு கோடு. வலது ஓரத்தில் கணினியின் பெயர், நேரம், தேதி. இப்போது கன்ட்ரோல்-பி அழுத்திவிட்டு சதவீதக் குறியைத் தட்டுங்கள். திரை இடம் வலமாக இரண்டாகப் பிளக்கும்! இரட்டை மேற்கோள் குறியைத் தட்டினால் மேல் கீழாகப் பிளக்கும். ஸ்பேஸ் விசையைத் தட்டத் தட்டக் கட்டங்கள் தாமாகவே வேறு வேறு அமைப்புக்கு மாறும். இசட் விசை ஒரு கட்டத்தை மட்டும் முழுத் திரைக்கு விரிக்கும், மறுபடி தட்டினால் பழைய இடத்துக்கே சுருக்கும். காற்புள்ளியைத் தட்டி விண்டோவுக்குப் பெயர் சூட்டலாம்.

எண்பது எழுத்து அகலம் எங்கிருந்து வந்தது தெரியுமா?

டெர்மினல் ஒன்றைத் திறந்தால் பெரும்பாலும் 80 எழுத்து அகலம், 24 வரி உயரம். 24 வரி, 1978இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் வெளியிட்ட விடி100 டெர்மினலின் அளவு. 80 எழுத்து அதற்கும் 50 வருஷம் மூத்தது! 1928இல் ஐபிஎம் கொண்டுவந்த துளை அட்டையில் 80 நெடுவரிசைகள். அட்டை போய், அட்டை படிக்கும் இயந்திரமும் போய், அதைக் கண்ணால் பார்த்த தலைமுறையும் ஓய்ந்துவிட்டது. எண் மட்டும் அசையவில்லை. திரையோடு இணைக்காமல் பின்னணியில் ஒரு டீமக்ஸ் செஷனைத் தொடங்கிப் பாருங்கள், அது எடுத்துக்கொள்ளும் அளவு இன்றும் 80க்கு 24தான்!

இதில் உங்களுக்கு ஒரு லாபம் உண்டு. நடுக்கோட்டுக்கு ஓர் எழுத்து இடம் போக, 161 எழுத்து அகலம் இருந்தால் இரண்டு முழுக் கட்டங்கள் அருகருகே உட்காரும். அதற்கு மேல் நெடுக்காகப் பிளந்தால் வரிகள் மடங்கிப் படிக்கச் சிரமமாகிவிடும். ஆகவே எத்தனை கட்டம் வைப்பது என்பதற்கு எண்பதே நல்ல அளவுகோல்.

கோடுகளும் எழுத்துகளே, தெரியுமா?

கட்டங்களுக்கு நடுவே ஓடும் மெல்லிய கோடு படம் கிடையாது. அதுவும் எழுத்தாகத்தான் போகிறது! விடி100 டெர்மினலுக்கு ஒரு ரகசியக் குறியீடு உண்டு. அதை அனுப்பிவிட்டால் அதன் பிறகு கியூ என்ற சிறிய எழுத்து படுக்கைக் கோடாக மாறும், எக்ஸ் நெடுக்குக் கோடாக மாறும். வேறு சில எழுத்துகள் மூலைகளாகும். யூனிகோட் வருவதற்கு முன்பே எழுத்துத் திரையில் பெட்டி வரைந்த உபாயம் இது.

படிக்க முடியாத பைல் ஒன்றை டெர்மினலில் கொட்டிவிட்டால், அதன் பிறகு அடிப்பதெல்லாம் கிறுக்கலும் கோடுமாக வருமே, நினைவிருக்கிறதா? அந்த ரகசியக் குறியீடு தற்செயலாக உள்ளே போயிருக்கும், அவ்வளவுதான். கண்ணுக்கு எப்படித் தெரிந்தாலும் பரவாயில்லை, 'ரீசெட்' என்று அடித்து என்டர் தட்டுங்கள். திரை பழையபடி சுத்தமாகிவிடும்!

ஒரே கம்பியில் பல விண்டோ ஓட்டிய பச்சைத் திரை தெரியுமா?

1982இல் பெல் ஆய்வகத்தில் ராப் பைக்கும் பார்ட் லோகாந்தியும் 'பிளிட்' என்ற டெர்மினலை உருவாக்கினார்கள். நெட்டுக்குத்தாக நிற்கும் பச்சை நிறத் திரை, 800க்கு 1024 புள்ளிகள். யூனிக்ஸ் கணினியோடு அதற்கு ஒரே ஒரு சீரியல் கம்பிதான். அந்த ஒரு கம்பிக்குள் பல விண்டோக்களின் தகவலைக் கலந்து அனுப்பி, இந்தப் பக்கம் பிரித்துக் காட்டினார்கள். ஒவ்வொரு விண்டோவிலும் ஒரு தனி ஷெல்!

ராப் பைக் அதோடு நிற்கவில்லை. பிளான் 9 இயங்குதளத்துக்கு அவர் எழுதிய விண்டோ மென்பொருளில் இன்னும் பெரிய விந்தை இருக்கிறது. அந்த விண்டோக்களில் ஒன்றுக்குள் அதே மென்பொருளை மறுபடி ஓட்டலாம். விண்டோவுக்குள் முழு டெஸ்க்டாப், அதற்குள்ளும் விண்டோக்கள்! டீமக்ஸிலும் இப்படி நேர்வது சகஜம். உங்கள் கணினியில் ஒரு டீமக்ஸ், அதன் வழியாகப் புகுந்த சர்வரில் இன்னொரு டீமக்ஸ். கன்ட்ரோல்-பி ஒரு முறை தட்டினால் வெளியில் இருப்பது கேட்கும், இரு முறை தட்டினால் உள்ளே இருப்பதற்குப் போகும்.

விர்ச்சுவல் டெஸ்க்டாப் எந்தக் கணக்கிலிருந்து பிறந்தது தெரியுமா?

இந்தத் தொகுப்பிலேயே எனக்கு மிகவும் பிடித்த கதை இது! 1968இல் பீட்டர் டென்னிங் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். விஷயம் விண்டோவைப் பற்றியதே இல்லை, கணினியின் மெமரியைப் பற்றியது. எந்த நேரத்திலும் ஒரு புரோகிராம் தன் மொத்தத் தகவலில் ஒரு சிறு பகுதியைத்தான் திரும்பத் திரும்பத் தொடுகிறது, அந்தப் பகுதி மெமரிக்குள் அடங்கிவிட்டால் வேலை சிட்டாய்ப் பறக்கும் என்றார். அடங்காவிட்டால்? ஒன்றை உள்ளே கொண்டுவர இன்னொன்றை வெளியே தள்ள, கணினி இந்தக் கூலி வேலையிலேயே களைத்துவிடும்.

பதினெட்டு ஆண்டு கழித்து, 1986இல் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ஆஸ்டின் ஹெண்டர்சனும் ஸ்டூவர்ட் கார்டும் அதே கணக்கை மனிதர்கள் மீது போட்டுப் பார்த்தார்கள். சின்னத் திரையில் விண்டோக்கள் ஒன்றை ஒன்று மறைக்கின்றன. மறைந்ததை மேலே கொண்டுவர, மேலே இருப்பதைத் தள்ள, ஆளின் நேரமெல்லாம் இதிலேயே போகிறது. சாதாரண அலுவலக மேஜை ஒன்றின் மேல் அந்தக் கால மேக்கின்டோஷ் திரைகளை நாற்பதுக்கு மேல் பரப்பலாம் என்றால் நெருக்கடி எவ்வளவு என்று பாருங்கள்!

அவர்கள் கண்ட வழி 'ரூம்ஸ்'. ஒரு வேலைக்குத் தேவையான விண்டோக்களை எல்லாம் ஓர் அறையில் வை. வேலை மாறினால் அறையையே மாற்று. ஓர் அறையிலிருந்து இன்னொன்றுக்குப் போகக் கதவுகள். எல்லா அறைகளையும் சிறிதாக்கி ஒரே பார்வையில் காட்டும் தோற்றம். எந்த அறைக்குப் போனாலும் கூடவே வரும் விண்டோக்கள். இன்றைய விர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் இருப்பது கிட்டத்தட்ட எல்லாமே அன்றே அங்கே இருந்தது! ஒரே விண்டோ ஓர் அறையில் பெரிதாகவும் இன்னோர் அறையில் ஓரமாகச் சிறிதாகவும் இருக்கலாம் என்பதைக்கூட யோசித்து வைத்திருந்தார்கள். மேக் கணினியோடு இந்த வசதி 'ஸ்பேசஸ்' என்ற பெயரில் சேர்ந்து வந்தது 2007இல். விண்டோஸ் 10 இதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது 2015இல். 'ரூம்ஸ்' வந்ததற்கும் அதற்கும் இடையே 29 ஆண்டு!

விண்டோஸின் முதல் பதிப்பில் விண்டோக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது, தெரியுமா?

1985 நவம்பரில் வந்த விண்டோஸ் 1.0 திரையை ஓடு பதித்ததுபோலப் பிரித்துக் காட்டியது. ஒரு விண்டோ இன்னொன்றை மறைக்கவே முடியாது. 1987இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் ஏறி மறைக்கும் வசதி. அப்போது பழசென்று ஒதுக்கிய முறை, இருபது ஆண்டு கழித்துத் திரும்பி வந்தது! 2006இல் டிடபிள்யூஎம், 2007இல் எக்ஸ்மோனட், 2009இல் மைக்கேல் ஸ்டாபெல்பெர்க்கின் ஐ3 என்று ஓடு பதிக்கும் விண்டோ மேலாளர்கள் லினக்ஸ் ஆட்களிடம் வரிசையாகப் பிரபலமாயின. விண்டோவைத் திறந்தால் அதுவே தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், இழுத்து நகர்த்தும் வேலையே கிடையாது.

டிடபிள்யூஎம் தன் மூலநிரல் 2000 வரியைத் தாண்டக் கூடாது என்று தனக்கே வரம்பு போட்டுக்கொண்டது. அதில் டெஸ்க்டாப் கிடையாது, ஒன்று முதல் ஒன்பது வரை அடையாளச் சீட்டுகள். ஒரு விண்டோவுக்கு இரண்டு சீட்டு ஒட்டினால் இரண்டு இடத்திலும் அது தெரியும்! ஐ3இல் இன்னொரு வித்தை. எந்த இரண்டு விண்டோவையும் டேப்களாக அடுக்கிவிடலாம். டேப் வசதியே இல்லாத புரோகிராமுக்கும் டேப் கிடைக்கிறது.

உங்கள் லினக்ஸில் 63 மறைவான திரைகள், தெரியுமா?

கன்ட்ரோல், ஆல்ட், கூடவே எஃப்3. லினக்ஸ் கணினியில் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். படங்களும் ஐகான்களும் மறைந்து, வெறும் லாகின் வரி நிற்கும். இது விர்ச்சுவல் கன்சோல். கர்னல் இதுபோல 63 வரை அனுமதிக்கிறது! டெஸ்க்டாப் உறைந்து மவுஸ் அசையாத நாளில், பல நேரம் இந்த வழியாக உள்ளே போய் மாட்டிக்கொண்ட புரோகிராமை மட்டும் நிறுத்திவிட்டுத் திரும்பலாம். கணினியை அணைக்கவே வேண்டாம்.

டேப்பே தர மாட்டேன் என்ற டெர்மினல் தெரியுமா?

திரையைப் பிரிப்பது யார் வேலை? இந்தக் கேள்விக்கு இன்று மூன்று விதமான பதில்கள்! 2017இல் வந்த அலாக்ரிட்டி டெர்மினலில் டேப்பும் இல்லை, பிளப்பதும் இல்லை. அது விண்டோ மேலாளரின் வேலை அல்லது டீமக்ஸின் வேலை என்பது அதை எழுதியவர்களின் முடிவு. நேர் எதிராக, அதே காலத்தில் வந்த கிட்டி டெர்மினல் டேப், கட்டம், விதவிதமான அமைப்பு எல்லாவற்றையும் தானே தருகிறது. அதை எழுதியவர் இந்தியரான கோவித் கோயல், மின்னூல் படிப்போர் அறிந்த கேலிபர் மென்பொருளைத் தந்த அதே ஆள்! மூன்றாவது பதில் மேக்கில் ஓடும் ஐடெர்ம்2. டீமக்ஸோடு அது ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, தூரத்துச் சர்வரில் இருக்கும் டீமக்ஸ் விண்டோக்களை மேக்கின் சொந்த டேப்களாகவே காட்டும்.

விண்டோஸ்காரர்களும் ஏங்க வேண்டாம். 2020 மே மாதம் 1.0 பதிப்பாக வந்த விண்டோஸ் டெர்மினலில் டேப்பும் உண்டு, கட்டமும் உண்டு. ஆல்ட்டும் ஷிஃப்டும் பிடித்துக்கொண்டு கூட்டல் குறியைத் தட்டினால் பக்கவாட்டில் பிளக்கும், கழித்தல் குறியைத் தட்டினால் மேல் கீழாக.

டேப் என்றால் ஒரு பைல் என்று நினைத்தீர்களா?

விம் எடிட்டரில் 2006இல், ஏழாம் பதிப்பில் டேப் வந்தது. பைலுக்கு ஒரு டேப் என்று திறந்து வைப்பவர்கள் நிறைய. விம்மின் கணக்கு வேறு! திறந்த பைல்கள் எல்லாம் பின்னணியில் ஒரு பட்டியலில் இருக்கும். விண்டோ என்பது அவற்றில் ஒன்றைப் பார்க்கும் கட்டம். டேப் என்பது அப்படிப்பட்ட கட்டங்களின் ஓர் அடுக்கு. ஒரே பைலை மூன்று டேப்பில் மூன்று துணையோடு வைத்துப் பார்க்கலாம். கவனித்தீர்களா? ஜெராக்ஸின் அறைகளும் டிடபிள்யூஎம்மின் சீட்டுகளும் சொன்ன அதே சேதி: பைலை வைத்துப் பிரிக்காதே, வேலையை வைத்துப் பிரி!

ஒரே திரையில் இருவர், ஒரே கட்டளை பத்து சர்வருக்கு, தெரியுமா?

ஒரே டீமக்ஸ் செஷனில் இரண்டு பேர் சேரலாம். ஒருவர் அடிப்பது மற்றவருக்கு அங்கேயே தெரியும். வேறு வேறு ஊரில் இருந்தபடி ஒரே எடிட்டரில் சேர்ந்து நிரல் எழுதுபவர்கள் உண்டு. இன்னொன்று, கட்டங்களை ஒத்திசைக்கும் வசதி. பத்துக் கட்டத்தில் பத்து சர்வர் திறந்துவைத்து, ஒரு முறை அடித்தால் பத்திலும் ஒரே நேரத்தில் விழும்! வேலை முடிந்ததும் ஒத்திசைவை அணைத்துவிடுங்கள். அழிக்கும் கட்டளையும் பத்திலும்தான் விழும்.

வைஃபை மாறினாலும் அறாத இணைப்பு தெரியுமா?

2012இல் எம்ஐடியில் கீத் வின்ஸ்டீனும் ஹரி பாலகிருஷ்ணனும் 'மாஷ்' பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்கள். ஹரி பாலகிருஷ்ணன் சென்னை ஐஐடியில் படித்தவர்! மாஷ் இருந்தால் லேப்டாப்பை மூடி, ரயிலேறி, வேறு நெட்வொர்க்கில் திறந்தாலும் சர்வர் இணைப்பு அப்படியே தொடரும். நெட் மந்தமாக இருந்தால் நீங்கள் அடித்த எழுத்தைச் சர்வரின் பதிலுக்குக் காத்திராமல் ஊகித்துத் தானே காட்டிவிடும். உறுதியாகாத எழுத்துக்கு அடிக்கோடு போட்டு வைக்கும். ஆனால் கண்முன் தெரியும் திரையை மட்டும்தான் அது ஒத்திசைக்கிறது, மேலே ஓடிப்போன வரிகள் வராது. அவற்றை டீமக்ஸ் பிடித்து வைத்திருக்கும். தனியாகச் சொல்லாவிட்டால் கட்டத்துக்கு 2000 வரி. இரண்டும் சேர்ந்தால் ஜோடிப் பொருத்தம் பிரமாதம்!

தமிழ் ஏன் டெர்மினலில் திணறுகிறது தெரியுமா?

டெர்மினல் திரை என்பது சதுரங்கக் கட்டம். ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்பது ஆங்கில எழுத்துகளை மட்டும் நினைத்த காலத்து விதி. நம் 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் அது இரண்டு குறியீடு: ககரம் ஒன்று, ஒகரக் குறி ஒன்று. திரையில் வரையும்போதோ கொம்பு, ககரம், கால் என்று மூன்று உருவம், அதிலும் கொம்பு முன்னால் வர வேண்டும். எத்தனை கட்டம் ஒதுக்குவது என்று டெர்மினல் ஒரு கணக்குப் போட, உள்ளே ஓடும் புரோகிராம் வேறு கணக்குப் போட, எழுத்து உடையும், கர்சர் தள்ளி நிற்கும், டீமக்ஸின் நடுக்கோடு கோணலாகும். இதை முழுமையாகச் சரிசெய்வது நம் மொழியில் நிரல் எழுதுபவர்களுக்குக் காத்திருக்கும் அருமையான வேலை. வங்காளம், மலையாளம் போன்ற மொழிகளுக்கும் சேர்த்தே வழி திறக்கும்!

சரி, எங்கிருந்து தொடங்குவது தெரியுமா?

உபுண்டுவில் ஏபிடி மூலம், மேக்கில் ஹோம்புரூ மூலம், விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் உள்ளே, டீமக்ஸை எங்கும் இலவசமாக நிறுவலாம். வேலைக்கு ஒரு செஷன் என்று தொடங்கி, அதற்கு அந்த வேலையின் பெயரையே வையுங்கள். எல்லாச் செஷனிலும் எடிட்டருக்கு ஒரே எண், லாகுக்கு ஒரே எண் என்று பழக்கப்படுத்துங்கள். சில வாரத்தில் கை தானாகப் போகும், தேடுவது நின்றுவிடும். கணினியை அணைத்தால் மட்டும் செஷன்கள் போய்விடும். ஆகவே நீண்ட வேலைகளை அணையாத சர்வரில் ஓட்டுங்கள்.

இத்தனை விசையையும் எப்படி மனப்பாடம் செய்வது என்று மலைக்க வேண்டாம். கன்ட்ரோல்-பி அழுத்திவிட்டு ஒரு கேள்விக்குறியைத் தட்டுங்கள், மொத்தப் பட்டியலும் திரையில் வந்து நிற்கும். வாரத்துக்கு இரண்டு கற்றாலே போதும். முதலில் கற்க வேண்டியது இரண்டே: செஷனை விட்டு வெளியே வருவதும், மறுபடி உள்ளே போவதும். இந்த இரண்டும் கைவந்துவிட்டால், விண்டோ மூடிப்போச்சே என்று பதறும் நாளே உங்களுக்கு வராது!